கார்டு பழுதில்லை, இயக்கிதான் இல்லை

கேள்வி: ஐயா, நான் உயர்தரம் படிக்கும் மாணவி. மாமா தந்த பாவித்த மடிக்கணினியில் வின்டோஸ் 10 இருந்தது. அதற்கான ஆதரவு 2025 ஒக்டோபரோடு முடிந்துவிட்டதால், ஒன்றுவிட்ட அண்ணா அதற்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இயங்குதளத்தை நிறுவித் தந்துவிட்டுக் கொழும்புக்குத் திரும்பிவிட்டார். வின்டோஸில் நன்றாக வேலை செய்த வைஃபை இப்போது இல்லை. அயல்வீட்டு ரவுட்டர்களின் பெயர்கள்கூடத் தெரிவதில்லை. அண்ணா தொலைபேசியில் சொன்ன கட்டளையைத் தட்டியபோது ‘பிராட்காம் பிசிஎம்43142’ என்றும், அருகே ‘14இ4:4365’ என்றும் வந்தது. கணினி திருத்தும் கடையொன்றில் வைஃபை கார்டு பழுது, மாற்ற வேண்டும் என்கிறார்கள். வீட்டில் கேபிள் இணைப்பும் கிடையாது. என்ன செய்யலாம்?
வாசகி, சுன்னாகம்

பதில்: கார்டை மாற்றக் காசு செலவழிக்க வேண்டாம். தன் பெயரையும் எண்ணையும் ஒழுங்காகச் சொல்லும் கார்டு, அதுவும் சில நாள்களுக்கு முன்வரை வேலை செய்த கார்டு, திடீரென்று செத்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு. அதை இயக்கும் மென்பொருளான இயக்கி (டிரைவர்) உங்கள் கணினியில் இல்லை, அவ்வளவுதான்.

லினக்ஸின் மையப் பகுதியான கேர்னல் பெரும்பாலான கார்டுகளுக்குரிய இயக்கிகளைத் தன்னுள்ளேயே கொண்டு வருகிறது; இன்டெல் கார்டு உள்ள கணினியில் நிறுவி முடித்த உடனேயே வைஃபை வருவது அதனால்தான். பிராட்காம் நிறுவனம் 2010 செப்டெம்பரில் தன் சில சிப்புகளுக்குத் திறந்த மூல இயக்கியை வெளியிட்டது உண்மை, ஆனால் உங்கள் 43142 அந்தக் கூட்டத்தில் இல்லை. அதற்குரியது ‘டபிள்யூஎல்’ என்னும் மூடிய இயக்கி. அதன் மூலநிரல் முழுவதும் திறந்ததல்ல என்பதால் கேர்னலுக்குள் சேர முடியாமல் தனிப் பொதியாகக் கிடைக்கிறது. ‘பி43’ என்ற இயக்கியை நிறுவும்படி யாராவது சொன்னால் கேட்க வேண்டாம். அது பழைய பிராட்காம் சிப்புகளுக்கு உரியது, உங்களுடையதை அது அறியாது. அண்ணா அந்த எண்ணை எடுக்கச் சொன்னது மிகவும் நல்ல வேலை. மடிக்கணினியின் மூடியில் உள்ள பெயர் இதில் எதற்கும் உதவாது, ஏனென்றால் ஒரே மாதிரிக் கணினியில்கூட வெவ்வேறு கார்டுகளைப் பொருத்தி விற்பார்கள்.

இணையம் வருவதற்கு வேண்டிய பொதியே இணையத்தில் இருக்கிறது என்பதுதான் புதியவர்களை மலைக்க வைக்கும் இடம். அதற்கு உங்கள் கைத்தொலைபேசி போதும். அன்ட்ரொய்ட் தொலைபேசியை, சார்ஜ் மட்டும் ஏற்றும் கேபிளால் அல்லாமல் தரவும் கடத்தும் கேபிளால் மடிக்கணினியுடன் இணைத்து, தொலைபேசியின் அமைப்புகளில் ‘யூஎஸ்பி டெதரிங்’ என்பதை இயக்குங்கள். சில விநாடிகளில் மின்ட் அதைக் கேபிள் இணைப்பாகவே எடுத்துக்கொள்ளும். பின்னர் மெனுவில் ‘டிரைவர் மனேஜர்’ என்பதைத் திறந்தால் பிராட்காம் பெயருக்குக் கீழே ஓர் இயக்கி காட்டப்படும். அதைத் தெரிவுசெய்து நிறுவ விட்டுவிட்டு, முடியும்வரை கேபிளைக் கழற்றாதீர்கள். டேட்டா போதாதென்றால், அண்ணா மின்ட் நிறுவப் பயன்படுத்திய பென்ட்ரைவைச் செருகியும் டிரைவர் மனேஜரைத் திறக்கலாம். இந்தப் பொதி அதிலேயே இருக்கிறது.

நிறுவும்போது கடவுச்சொல் ஒன்றை உருவாக்கச் சொல்லிக் கேட்டால், கணினி தொடங்கும்போது நம்பகமான மென்பொருளை மட்டும் ஏற்கும் ‘செக்யூர் பூட்’ என்ற பாதுகாப்பு இயங்குகிறது என்று பொருள். அந்தக் கடவுச்சொல்லை ஒரு தாளில் எழுதி வையுங்கள். மறுதொடக்கத்தின்போது முழு நீலத் திரை ஒன்று வந்து 10 விநாடிகள் மட்டும் காத்திருக்கும். அதற்குள் ஒரு விசையை அழுத்தி, ‘என்ரோல் எம்ஓகே’ என்பதைத் தெரிந்து, எழுதி வைத்த கடவுச்சொல்லைக் கொடுக்க வேண்டும். பயந்துபோய்ப் பேசாமல் விட்டால் கணினி வழமைபோலத் தொடங்கிவிடும், இயக்கி மட்டும் ஏறாது. பலர் எல்லாம் சரியாகச் செய்தும் இந்த 10 விநாடியில்தான் தோற்றுப்போகிறார்கள்.

இயக்கி ஏறியும் பெயர்கள் வராவிட்டால் ‘ஆர்எஃப்கில் லிஸ்ட்’ (rfkill list) என்ற கட்டளையைத் தட்டிப் பாருங்கள். அதில் ‘ஹார்ட் புளொக்ட்: யெஸ்’ என்று வந்தால் கணினியில் வைஃபைக்கான பொத்தானோ ஆளியோ அணைந்திருக்கிறது. ஒரு பழைய மடிக்கணினியில் இரண்டு மணித்தியாலம் இயக்கியை மாற்றி மாற்றி நிறுவிய பிறகுதான், அதன் முன்விளிம்பில் நகத்தால் தள்ளும் அளவில் ஒரு சின்ன ஆளி இருந்ததை நான் கண்டேன். அன்றிலிருந்து இந்தக் கட்டளையை முதலிலேயே தட்டிப் பார்க்கிறேன்.

இன்னும் இரண்டு விடயங்கள். உங்கள் கார்டு 2.4 கிகாஹேர்ட்ஸ் அலைவரிசையை மட்டுமே பிடிக்கும். ரவுட்டரின் 5 கிகாஹேர்ட்ஸ் பெயர் தெரியாதது குறைபாடல்ல. மேலும், கேர்னல் புதுப்பிக்கப்படும் ஒவ்வொரு முறையும் இந்த இயக்கி அதற்கேற்பத் திரும்பக் கட்டப்பட வேண்டும். அது வழமையாகத் தானாகவே நடக்கும். என்றாவது புதுப்பித்த மறுநாள் வைஃபை காணாமற்போனால், தொடக்கத் திரையின் ‘அட்வான்ஸ்ட் ஒப்ஷன்ஸ்’ பகுதியில் முந்தைய கேர்னலைத் தெரிந்து உள்ளே போங்கள். வைஃபை திரும்பி வரும், பிறகு ஆறுதலாகச் சரிசெய்யலாம்.

கேள்வி: லினக்ஸுக்கு யூஎஸ்பி வைஃபை அடப்டர் வாங்க யாழ் நகருக்குப் போகிறேன். எதைக் கேட்பது?
வாசகர், பருத்தித்துறை

பதில்: அடப்டரின் பெயரைக் கேட்காமல் உள்ளே இருக்கும் சிப்பைக் கேளுங்கள். ஏத்தெரோஸ் ஏஆர்9271 சிப்புக்குரிய இயக்கி 2010 முதல் கேர்னலிலேயே இருக்கிறது, ஆனால் அது 2.4 கிகாஹேர்ட்ஸ் மட்டும். 5 கிகாஹேர்ட்ஸும் வேண்டுமென்றால் மீடியாடெக் எம்டி7612யூ நல்லது. ஒரே பெயருள்ள அடப்டரின் இரண்டாம் பதிப்பில் சிப் மாறியிருப்பதுண்டு. முடியுமானால் மடிக்கணினியையும் கையோடு கொண்டுபோய், கடையிலேயே செருகிப் பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கள்.