குறைந்த வாடகைக் குடியிருப்பு வந்தால் அக்கம்பக்கத்து வீட்டு விலை இறங்குமா?

இறங்கியே தீரும் என்பது சரியல்ல. அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் உள்ள மவுண்ட் லாரல் ஊரைப் பாருங்கள். எத்தல் லாரன்ஸ் என்ற கறுப்பினப் பெண்மணியின் குடும்பம் தலைமுறைகளாக வாழ்ந்த ஊர் அது. தன்னைப் போன்றவர்கள் சொந்த ஊரிலேயே கட்டுப்படியாகும் வாடகையில் குடியிருக்க வழி கேட்டார். கட்டுப்படியாகாவிட்டால் ஊரைவிட்டுப் போகட்டும் என்றார் மேயர். எத்தலும் அவரோடு சேர்ந்தவர்களும் வழக்குப் போட்டார்கள்; 1975-ல் மாநில உச்ச நீதிமன்றத்தில் வென்றார்கள். அப்புறமும் குற்றம் பெருகும், வரி ஏறும், விலை விழும் என்று ஒரே எதிர்ப்பு. கடைசியில் கட்டிய 140 வீடுகளில் முதல் குடித்தனம் வந்தது 2000-ல்தான். எத்தலோ 1994-லேயே இறந்துவிட்டார். நினைக்கும்போதே மனசு கனக்கிறது.

பிறகு பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அந்த ஊரைப் பக்கத்து ஊர்களோடு ஒப்பிட்டார்கள். குடியிருப்பால் விலையும் இறங்கவில்லை, குற்றமும் கூடவில்லை. அப்படியொரு குடியிருப்பு அருகில் இருப்பதே அக்கம்பக்கத்தார் பலருக்குத் தெரியவில்லை.