மூன்று மில்லி ஈரம்தான் இருக்கிறது: மலக்குடல் வழி மூலிகை மருந்தும் நானோ தாங்கிகளும்

ராமநாதபுரம் கடற்கரை ஊர்களிலிருந்து மாணவர்களும் மருந்தாளுநர்களும் செவிலியரும் கேட்ட கேள்விகள். மருந்து வடிவமைப்பில் ஆய்வு செய்பவர் பதில் சொல்கிறார். நானோ தாங்கி என்பது மருந்தை உள்ளே வைத்துச் சுமக்கும் மிக நுண்ணிய துகள்.

கீழக்கரை, பி.பார்ம் மாணவி: சார், மஞ்சள்ல இருக்கிற குர்குமினை ஆசனவாய் வழியா கொடுத்தா கல்லீரல்கிட்ட இருந்து தப்பிச்சிடும்னு படிச்சேன். அப்புறம் நானோ எதுக்கு?

கல்லீரல் மருந்தைச் சிதைத்துவிடும் என்பதால்தான் இந்த யோசனை. ஆனால் முழுசாகத் தப்பாதும்மா. மலக்குடலின் கீழ், நடுப்பகுதி ரத்தக்குழாய்கள் நேராகப் பொது ரத்த ஓட்டத்தில் சேர்கின்றன. மேல்பகுதிக் குழாய் கல்லீரலுக்குப் போகிறது. இவற்றுக்கு இடையே இணைப்புகளும் உண்டு. மருந்து மேலே நகர நகர இந்த லாபம் குறையும்.

நானோ தேவைப்படுவதற்குக் காரணம் வேறு. மலக்குடலில் இருக்கும் நீர் 1 முதல் 3 மில்லிதான். குர்குமின் தண்ணீரில் கரையாத பொருள். அங்கே பிஎச் (அமில, கார அளவு) 7 முதல் 8 வரை; கரைகிற கொஞ்சமும் நிலைக்காது. பிஎச் 7.2 பஃபரில் (பிஎச் மாறாமல் இருக்கும் கரைசலில்) 37 டிகிரியில் அரை மணி நேரத்துக்குள் சுமார் 90 சதவீதம் சிதைந்துவிடும். கொழுப்பு நானோ துகளுக்குள்ளோ மைசெல்லுக்குள்ளோ (சோப்பு போன்ற மூலக்கூறுகள் திரண்ட நுண் உருண்டை) வைத்தால் சிதைவு மட்டுப்படும், அந்தச் சிறு ஈரத்திலேயே பரவவும் செய்யும்.

தேவிபட்டினம், எம்.பார்ம் மாணவர்: குர்குமின் கொழுப்பு நானோ துகளை கோகோ பட்டர்ல கலந்து சப்போசிட்டரி (ஆசனவாய்ல செருகுற மருந்துக் குச்சி) வார்த்தேன். ஆறு மணி நேரம் ஆகியும் வெளியீட்டுச் சோதனையில ஒண்ணுமே வரல.

துகள் எவ்வளவு பொடியாக இருந்தாலும் அடிப்பொருளை (இங்கே கோகோ பட்டர்) விட்டு வெளியே வந்தால்தான் பயன். கொழுப்பை விரும்பும் மருந்து, கொழுப்புத் துகள், அதைச் சுற்றிலும் கொழுப்பு. அது ஏன் தண்ணீருக்கு வரப்போகிறது? அதோடு, உருகிய கோகோ பட்டரில் உங்கள் துகளே கரைந்து போயிருக்கலாம். வார்ப்பதற்கு முன் 180 நானோமீட்டர் அளந்தேன் என்று ஆய்வேட்டில் எழுதினால் போதாது. உருக்கி வார்த்த பிறகு, திரும்பக் கரைத்து எடுத்து அளந்து காட்ட வேண்டும்.

சோதனையையும் ஒருமுறை சந்தேகப்படுங்கள். வெறும் பஃபரில் குர்குமின் கரையாது, மருந்தை வைத்திருக்கும் நுண்துளைச் சவ்வான டயாலிசிஸ் பையைத் தாண்டியும் வராது. பஃபரில் 0.5 முதல் 1 சதவீதம் ட்வீன் 80 (கரைய உதவும் பொருள்) சேர்த்து, துகள் இல்லாத வெறும் குர்குமினையும் பக்கத்திலேயே ஓட்டுங்கள். அதுவும் வரவில்லை என்றால் குறை சோதனையில்தான்.

இந்த வேலைக்கு நான் கை வைப்பது போலாக்சமர் கூழில்தான். அது குளிரில் நீர்மமாகவும் சூட்டில் கூழாகவும் இருக்கும் பாலிமர். போலாக்சமர் 407-ஐ 18 சதவீதம் எடுத்து, 4 டிகிரி குளிர்நீரில் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவி, கலக்கி அடிக்காமல் இரவு முழுக்கக் குளிர்பெட்டியில் விட்டுவிடுங்கள். காலையில் கட்டியில்லாத தெளிந்த நீர்மமாக இருக்கும். துகள் கலவையை அதில் குளிர்ச்சியிலேயே கலக்க வேண்டும். அதிலுள்ள நீரையும் கணக்கில் சேர்க்காவிட்டால் 18 சதவீதம் 15 ஆகி, கூழே உறையாது. உறையும் வெப்பநிலையைப் பார்க்க, காந்தத் துண்டைச் சுழலவிட்டு நிமிடத்துக்கு ஒரு டிகிரி ஏற்றுங்கள். துண்டு நிற்கும் இடம்தான் அது.

புத்தகங்கள் 30 முதல் 36 டிகிரி என்கின்றன. நம் ஊர்ச் சித்திரையில் அறையே 35-ஐத் தொடுகிறது. 30-ல் உறையும் கூழ் பீச்சுக்குழலுக்குள்ளேயே கட்டியாகிவிடும். அதன் இன்னொரு வகையான போலாக்சமர் 188 சேர்த்து 34 பக்கம் கொண்டுவந்தாலும், குளிர்பெட்டியில் வைத்துத்தான் கொடுக்க வேண்டியிருக்கும். உப்பும், ஒட்டுவதற்காகச் சேர்க்கும் பாலிமரும் அந்த வெப்பநிலையை இறக்கிவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

மண்டபம், ஆய்வு மாணவர்: இங்க இறால் ஓடு, நண்டு ஓடு மலிவு. அதுல இருந்து கைட்டோசான்ங்கிற பாலிமரை எடுத்து நானோ துகள் செஞ்சேன். பால் மாதிரி வெளுத்து அடியில படிஞ்சிடுது.

முதலில் தண்ணீர். நம் பக்கத்து போர் தண்ணீரில் உப்பு இருக்கிறது. உப்பு துகளின் மின்னேற்றத்தை மறைத்துவிடும், துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். காய்ச்சி வடித்த நீர் தவிர வேறு எதையும் தொடாதீர்கள்.

1 சதவீத அசிட்டிக் அமிலத்தில் மில்லிக்கு 1 மில்லிகிராம் கைட்டோசான். இரவு முழுக்கக் கலக்கி, வடிகட்டி, பிஎச்-ஐ 5-க்குச் சற்றுக் கீழே வையுங்கள். அதில் மில்லிக்கு 1 மில்லிகிராம் ட்ரைபாலிபாஸ்பேட் (கைட்டோசானைத் துகளாகத் திரட்டும் உப்பு) கரைசலைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். கைட்டோசான் 5 பங்குக்கு இது 1 பங்கு என்று தொடங்கி, 3-க்கு 1 வரை போகலாம். குவளைக்குப் பின்னால் கறுப்பு அட்டை வைத்துப் பாருங்கள்: தெளிவாக இருந்தது, ஒரு கட்டத்தில் நீலம் பாய்ந்த லேசான மங்கலாகும். அங்கே நிறுத்துங்கள். பால் வெள்ளையானால் அளவு தாண்டிவிட்டது என்று அர்த்தம்.

கரைக்கும்போதே செதில் செதிலாக மிச்சம் நின்றால், கைட்டோசானாக மாற ஓட்டுப் பொருளிலிருந்து நீங்க வேண்டிய அசிட்டைல் தொகுதிகள் சரியாக நீங்கவில்லை. ஓட்டுப் புரதம் ஒவ்வாமை தரும், நுண்ணுயிர் நச்சும் இருக்கலாம். ஆய்வகப் பயிற்சிக்கு அந்தக் கைட்டோசான் சரி. மனித உடலுக்கு மருந்துத் தரச் சான்று உள்ளதுதான் வேண்டும்.

எல்லாம் சரியாக வந்தாலும் ஒரு சிக்கல் பாக்கி. பிஎச் சுமார் 6.5-ஐத் தாண்டினால் கைட்டோசான் தன் மின்னேற்றத்தை இழக்கத் தொடங்கும். மலக்குடலோ 7-க்கு மேல். "சளியில் ஒட்டும்" என்று பிஎச் 5-ல் எடுத்த எண்ணை அங்கே நம்ப முடியாது. அதன் மாற்றியமைத்த வடிவமான ட்ரைமெத்தில் கைட்டோசான் அந்த பிஎச்-சிலும் மின்னேற்றத்தை வைத்திருக்கும். கூழைக் கெட்டியாக்க, நம் கடலில் எடுக்கும் கட்டக்கோரைப் பாசியில் கிடைக்கும் அல்ஜினேட் என்ற கூழ்ப்பொருளும் நல்லது. கடின நீரில் மட்டும் கரைக்காதீர்கள். கால்சியம் பட்டதும் கட்டி கட்டியாகத் திரண்டுவிடும்.

தொண்டி, மருந்தாளுநர்: உருகின சப்போசிட்டரியை ஃப்ரிட்ஜ்ல வெச்சு இறுக வெச்சுக் கொடுக்கலாமா?

கூடாது. உருகும்போது மருந்து கூர்முனைப் பக்கமோ அடிப்பக்கமோ படிந்துவிடும். கோகோ பட்டர் அதிகம் சூடானால் வேறு படிகமாக உறைந்து, பிறகு 25 டிகிரிக்குக் கீழேயே இளகிவிடும். நீரில் கரையும் மேக்ரோகால் அடிப்பொருள் வெயிலைத் தாங்கும். ஆனால் உடலின் ஈரத்தை இழுத்துத்தான் கரையும், எரிச்சல் தரும். செருகுமுன் தண்ணீரில் நனைக்கச் சொல்லுங்கள்.

ஏர்வாடி, எம்.பார்ம் மாணவி: துகளுக்குள்ள 10 சதவீதம் மருந்து ஏறியிருக்கு. நல்ல அளவுதானே சார்?

மருந்தளவாக மாற்றிப் பார்க்கலாம். கொழுப்பு 5 சதவீதம் என்றால் மில்லிக்கு 50 மில்லிகிராம் கொழுப்பு, அதில் 5 மில்லிகிராம் மருந்து. 3 மில்லி கூழில் 15 மில்லிகிராம். கைட்டோசான் துகள் என்றால் செறிவூட்டாத வரை மில்லிக்கு 0.1 மில்லிகிராமே தேறும். பெருங்குடல் கீழ்ப்பகுதிப் புண் அழற்சிக்கு 2014-ல் இந்தியாவில் வெளியான குர்குமின் எனிமா ஆய்வில், அதற்கு வழக்கமாகத் தரும் மெசலமைன் மருந்தோடு சேர்த்து, 20 மில்லி நீரில் 140 மில்லிகிராம் மஞ்சள் தயாரிப்பு கொடுத்தார்கள். அந்த இடைவெளியை எப்படி நிரப்புவீர்கள் என்று ஆய்வைத் தொடங்கும் முன்னே எழுதிவையுங்கள். இங்கேதான் பல நல்ல முயற்சிகள் நின்றுபோகின்றன, அது எனக்கு வருத்தம்.

ராமேஸ்வரம், வாசகர்: அப்பாவுக்கு மூலத்துல ரத்தம் போகுது. மஞ்சளும் கற்றாழையும் அரைச்சு உள்ளே வைக்கலாமா?

வேண்டாங்க. நுண்ணுயிர் நீக்காத அரைப்பு, புண்ணான சவ்வில் படக் கூடாது. ரத்தம் மூலத்தால்தானா என்பதே முதலில் தெரிய வேண்டும். இந்த வாரமே மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். தலைசுற்றலோ நிற்காத ரத்தப்போக்கோ இருந்தால் உடனே.

பாம்பன், செவிலியர்: சப்போசிட்டரியை எவ்வளவு உள்ளே தள்ளணும்?

பெரியவர்களுக்கு, சுருக்குத் தசையைத் தாண்டி ஆள்காட்டி விரலின் பாதி நீளம் போதும். இடது பக்கம் ஒருக்களித்துப் படுக்க வைத்து, கொடுத்த பிறகு 15 நிமிடம் எழ விடாதீர்கள். மலம் தேங்கியிருந்தால் முதலில் கழிக்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் மருந்து சவ்வில் படாமல் மலத்தில் போய்ச் செருகிக்கொள்ளும்.