கேள்வி பதில்: வீதியோரப் பூவரசும் விற்றமின் சீயும்

கேள்வி: உயர்தர உயிரியல் செயற்றிட்டத்துக்காகக் காங்கேசன்துறை வீதியோரப் பூவரசிலும் எங்கள் ஒழுங்கைப் பூவரசிலும் இலை பறித்து விற்றமின் சீ அளந்தோம். முதல்முறை வீதி இலையில் கூட, அடுத்தமுறை குறைவு. எது சரி?
- மாணவி, கொக்குவில்

பதில்: இரண்டுமே சரியாயிருக்கலாம். வாகனப் புகையிலுள்ள கந்தகவீரொட்சைட்டும் நைதரசன் ஒட்சைட்டுகளும், காற்றிலுள்ள ஓசோனும் இலைவாய் வழியே நுழைந்து சுப்பரொட்சைட்டு, ஐதரசன் பேரொட்சைட்டு போன்ற பொல்லாத ஒட்சிசன் வகைகளைப் பெருக்குகின்றன. கலச்சுவர் ஈரத்தில் ஓசோனை முதலில் மறிப்பது விற்றமின் சீ. செலவானதைக் கலத்துக்குள் இருக்கும் குளுத்தாதயோன் என்ற பொருள் மீட்டுத் தரும். புகை மிதமென்றால் இலை விற்றமின் சீயைக் கூட்டி வைக்கும். மிஞ்சினால் மீட்பு ஈடுகொடுக்காமல் இருப்புக் கரையும்.

ஒழுங்கை இலையைச் சுத்தமான காற்றில் வளர்ந்ததென்று எண்ணிவிடவும் கூடாது. வாகனம் விடும் நைத்திரிக் ஒட்சைட்டு வீதியோர ஓசோனை அங்கேயே தின்றுவிடும். தள்ளியுள்ள இடத்தில் ஓசோன் கூடுதலாகவே இருக்கலாம்.

ஆனால் காற்றைச் சந்தேகிக்க முன் கையைச் சந்தேகியுங்கள். வெயில்பட்ட இலையில் விற்றமின் சீ கூட, நிழலிலையில் குறைவு. நுனியிலிருந்து நாலாம், ஐந்தாம் இலைகளை, வெயில் பக்கத்தில், இரு இடத்திலும் ஒரே காலையில் பறித்து ஐஸ் பெட்டியில் கொண்டுபோங்கள். தூசியைக் கழுவி ஒற்றிய பிறகே நிறுக்க வேண்டும். 2 கிராமை 20 மில்லிலீற்றர் 4% ஒட்சாலிக் அமிலத்திலேயே அரையுங்கள். தண்ணீரில் அரைத்துவிட்டுப் பிறகு அமிலம் விடுவதுதான் வழக்கமான பிழை: இலை நசுங்கியதுமே அதன் நொதியம் விற்றமின் சீயை ஒட்சியேற்றத் தொடங்கிவிடும், அமிலந்தான் அதை நிறுத்தும். பூவரசுச் சாறு வழுவழுப்பானது. வடிதாள் அடைபடும், முதலில் துணியால் வடியுங்கள். நியமிப்பில், வடித்த சாற்றில் விடும் நீலச் சாயம் (DCPIP) சொட்டச் சொட்ட நிறமிழக்கும். இளஞ்சிவப்பு 15 செக்கன் நின்றால் அதுவே முடிவு. சாயம் நாட்பட வலுக் குறையும், ஒவ்வொரு முறையும் தெரிந்த செறிவுள்ள விற்றமின் சீக் கரைசலோடு ஒப்பிடுங்கள். மரத்துக்கு ஓர் இலை போதாது. ஒவ்வோர் இடத்திலும் ஐந்து மரமாவது வேண்டும்.

கேள்வி: புகையிலையில் வெள்ளைப் புள்ளி. ஓசோனா?
- விவசாயி, உரும்பிராய்

பதில்: புகையிலை ஓசோனுக்கு இளகினதுதான், பெல் டபிள்யூ 3 என்ற இனத்தை ஓசோன் காட்டியாகவே நடுவார்கள். ஓசோன் புள்ளி விரிந்து முடிந்த இலையின் மேற்பக்கத்தில், நரம்புகளுக்கிடையே பொடிப்பொடியாக விழும். புள்ளியைச் சுற்றி வளையம் தெரிந்தால் பூஞ்சணமோ பற்றீரியாவோ ஆக இருக்கலாம். இலையைத் திருப்பிப் பூச்சியும் பாருங்கள்.