துரோப்பீமுவுக்கு விசுவாசம் குறைவா?

கேள்வி: அன்புள்ள அம்மா, என் கணவர் லாரி ஓட்டியவர். ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சும் போய்விட்டது. உபவாசம் இருந்தேன், எண்ணெய் பூசி ஜெபித்தார்கள், பொருத்தனையும் பண்ணினேன். போன மாதம் வீட்டுக்கு ஜெபிக்க வந்த ஒருவர், "இந்த வீட்டில் விசுவாசம் குறைவு, நீங்கள் மாத்திரையை நம்புகிறீர்கள்" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து ஆலயத்தில் பாட வாய் வரவில்லை. காலையில் ஏன் விழித்தோம் என்றிருக்கிறது. எல்லோரும் நம்பிக்கையாய் இரு என்கிறார்கள். எப்படி இருப்பது?
– ஒரு சகோதரி, தூத்துக்குடி

பதில்: அன்பு மகளே,

முதலில் மாத்திரை. டாக்டர் சொல்லாமல் ஒரு வேளைகூட நிறுத்தாதே. ரத்த அழுத்த மாத்திரையை விட்டால் மறுபடியும் பக்கவாதம் வரும் ஆபத்து கூடும். லூக்கா ஒரு வைத்தியர். "பிரியமான வைத்தியன்" என்றுதான் பவுல் கொலோசெயருக்கு எழுதுகிறார். வைத்தியரைக் கூட வைத்திருந்த பவுலுக்கு விசுவாசம் குறைவென்று யாரும் சொன்னதில்லை.

அடுத்து அந்த மனிதர் சொன்ன வார்த்தை. அது எனக்கு இன்றைக்கும் வலிக்கிறது, ஏனென்றால் அதே வார்த்தையை நானும் வாங்கியிருக்கிறேன். 2 தீமோத்தேயு 4:20-ஐ எடுத்துப் படி: "துரோப்பீமுவை மிலேத்துவில் வியாதிப்பட்டவனாக விட்டுவந்தேன்." இந்தத் துரோப்பீமு யார்? அப்போஸ்தலர் 21 அவரை எபேசியன் என்கிறது. அதே எபேசுவில்தான் பவுலின் உறுமால்களையும் கச்சைகளையும் கொண்டுபோய்ப் போட, வியாதிக்காரர் சுகமானார்கள். அது 19-ஆம் அதிகாரம். துணி பட்டுச் சுகமான ஊர்க்காரர்தான் அவர். பவுலோடு கூடவே பயணம் செய்தவர். அவரைப் பவுல் வியாதியோடு விட்டுவிட்டு வரவேண்டியிருந்தது. ஏன் என்று ஒரு வரி விளக்கம் இல்லை, யார்மேலும் பழி இல்லை.

நம் பக்கத்திலேயே டோனாவூர் இருக்கிறது. அங்கே பிள்ளைகளை வளர்த்த ஏமி கார்மைக்கேல் அம்மா 1931-இல் விழுந்து அடிபட்டார். அதன்பின் 1951-இல் இறக்கும்வரை, இருபது வருஷம், பெரும்பாலும் தன் அறையிலும் படுக்கையிலும்தான் இருந்தார். அவருக்காக அந்தப் பிள்ளைகள் ஜெபித்திருக்க மாட்டார்களா?

இப்போது என் கதை. என் கணவர் சபைப் போதகர், ஊரார் ஐயர் என்பார்கள். அவருக்கு 61 வயதில் பக்கவாதம் வந்தது. நாலு வருஷம் படுக்கை. படுக்கைப்புண் வராமலிருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். இரவு பத்து, பன்னிரண்டு, இரண்டு, நாலு என்று அலாரம் வைத்திருப்பேன். காலையில் பள்ளிக்கூடத்தில் போர்டில் கணக்குப் போடும்போதே கண் சொக்கும். அந்த நாட்களில் எனக்கு ஜெபமே வரவில்லை. கடவுள்மேல் கோபம்கூட இல்லை, அதற்கும் தெம்பில்லை.

ஒருநாள் பெண்கள் ஐக்கியத்தில் இருந்து நாலு பேர் ஜெபிக்க வந்தார்கள். நான் அழுதுகொண்டே, "ஜெபம் வேண்டாம், என்னை ஒரு ராத்திரி தூங்கவிடுங்கள்" என்று சொல்லிவிட்டேன். ஐயரம்மா இப்படிச் சொல்லலாமா என்று பிறகு கூசிப்போனேன். ஆனால் அன்று இரவே ஒரு அக்கா பாயோடு வந்துவிட்டார். அப்புறம் வாரத்துக்கு இரண்டு இரவு முறைபோட்டுக்கொண்டு வந்தார்கள். எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழே சாகவேண்டும் என்று படுத்தபோது தேவதூதன் பிரசங்கம் செய்யவில்லை. தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரம் தண்ணீரும் வைத்தான், தூங்கவிட்டான், மறுபடி எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். எனக்கு அந்த அடை, பாயாக வந்தது.

நீயும் அப்படிக் கேள். உன் சபையில் இரண்டு பேரிடம் வாய்விட்டு, இன்ன நாள், இன்ன வேலை என்று சொல்லிக் கேள். காலையில் ஏன் விழித்தோம் என்று எழுதியிருக்கிறாயே, அதை மறைக்காமல் ஒரு டாக்டரிடமும் சொல். அரசாங்கத்தின் மனநல உதவி எண் 14416-க்கு எந்த நேரமும் போன் பண்ணலாம். காசு கிடையாது, தமிழிலேயே பேசலாம்.

சரி, நம்பிக்கை. நாம் பேசும்போது எல்லாவற்றுக்கும் அந்த ஒரே சொல்தான். வேதத்தில் விசுவாசம் வேறு, நம்பிக்கை வேறு. ரோமர் 8:25 சொல்கிறது: "நாம் காணாததை நம்பினோமாகில், அது வருகிறதற்குப் பொறுமையோடே காத்திருப்போம்." மனசு தெம்பாக இருக்கவேண்டும் என்று அதில் இல்லை, காத்திருப்பதுதான் இருக்கிறது. ஒன்றரை வருஷமாக அவருக்குச் சோறு ஊட்டி, உடம்பு துடைத்து, மாத்திரை எண்ணிக் கொடுக்கிறாயே, அது காத்திருப்பு இல்லையா?

எங்கள் ஐயர் எழுந்து நடக்கவில்லை. கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறார். இயேசு உயிர்த்தெழுந்தார், ஆகையால் அவரை மறுபடி பார்ப்பேன். இதில் எனக்கு ஆட்டமில்லை. இது மட்டும் அந்த நாலு வருஷமும் அடியில் கிடந்தது, நான் உணராத நாட்களிலும்.

பாட வரவில்லையென்றால் பாடாதே. ஆலயத்துக்குப் போய் நடுவில் உட்கார், சுற்றியிருப்பவர்கள் உனக்கும் சேர்த்துப் பாடட்டும்.

இன்னும் ஒன்று. பேச்சு போனவர்களில் சிலருக்குச் சிறுவயதில் மனப்பாடமான ஜெபமும் பாட்டும் தானாக வரும். எங்கள் ஐயருக்கு என் பெயர் வராது. ஆனால் "பரமண்டலங்களிலிருக்கிற" என்று நான் எடுத்துக்கொடுத்தால் "எங்களுக்கு வேண்டிய ஆகாரத்தை இன்று எங்களுக்குத் தாரும்" வரைக்கும் தடையில்லாமல் சொல்லுவார். அங்கே நின்றுவிடும். மிச்சத்தை நான் சொல்லி முடிப்பேன். இன்றிரவு உன் வீட்டுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாக ஆரம்பித்துப் பார். வந்தாலும் வராவிட்டாலும் எனக்கு எழுது.