ரைஸ் குக்கரும் பில்லும்

"அன்புள்ள ஐயா, லண்டனில் இருக்கும் என் அக்கா உடுத்திப் பார்த்த சட்டையைக்கூடத் திருப்பிக் கொடுத்துக் காசை வாங்கிவிடுவா. நான் புறக்கோட்டையில் வாங்கிய ரைஸ் குக்கர் மூன்றாம் கிழமையே சூடேறவில்லை. 'உள்ளே தண்ணி விட்டிருப்பீங்க' என்கிறார் கடைக்காரர். எங்கள் நாட்டில் இதற்கெல்லாம் சட்டமே இல்லையா?"
– ஒரு வாசகி, வெள்ளவத்தை

அன்புள்ள சகோதரி,

அக்காவின் சட்டையை முதலில் விட்டுவிடுவோம். கடைக்கு நேரில் போய் வாங்கியதை மனம் மாறித் திருப்பிக் கொடுக்க பிரிட்டனிலும் சட்ட உரிமை கிடையாது. அது கடைகள் தரும் சலுகை. ஒன்லைனில் வாங்கினால்தான் 14 நாள்.

உங்கள் குக்கர் வேறு கதை. அங்கே 2015ஆம் ஆண்டுச் சட்டப்படி, பழுதான பொருளை 30 நாளுக்குள் கொடுத்து முழுப் பணத்தையும் கேட்கலாம். ஆறு மாதத்துக்குள் பழுதாகி, திருத்தியோ மாற்றியோ தரச் சொன்னால், பழுது விற்கும்போதே இருந்தது என்றுதான் சட்டம் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று காட்டுவது கடைக்காரர் பாடு. "தண்ணி விட்டிருப்பீங்க" என்ற வாய்ப்பேச்சு அங்கே எடுபடாது. எனக்குப் பொறாமை இந்த ஒன்றில்தான். 

இங்கும் சட்டம் உண்டு: 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம். அதன்படி அமைந்த பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபை விசாரித்து, பணத்தைத் திருப்பிக் கொடுக்கவோ பொருளை மாற்றிக் கொடுக்கவோ உத்தரவிடலாம். ஆனால் சபையின் பெயர் பேப்பரில் அடிபடுவது பெரும்பாலும் விலைச் சோதனைகளில்தான். 2025இல் அரை லீற்றர் தண்ணீர்ப் போத்தலுக்கு 70 ரூபா என்று உச்ச விலை வைத்தார்கள். கூட விற்கும் கம்பனிக்கு 2021 திருத்தத்தின்படி குறைந்தது 5 இலட்சம் ரூபா தண்டம். நல்லதுதான். ஆனால் தண்டம் அரசாங்கத்துக்குப் போகும். கூடக் கொடுத்த பத்து ரூபா கொடுத்தவருக்கு வராது.

போன வருசம் என் அயர்ன் பெட்டி பத்தே நாளில் புகைந்தது. பில் வாங்கவில்லை. 'எங்கட கடையில வாங்கினதென்று யார் சொன்னது?' என்றார்கள். வாயை மூடிக்கொண்டு வந்தேன். கேட்டால் பில் கொடுப்பது அவர்கள் கடமை. கேட்காதது என் பிழை.

நீங்கள் வாங்கிய நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் அந்தச் சபையிடம் எழுத்தில் முறையிடுங்கள். விபரம் கேட்க சபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழைக்கலாம். பில்லை இன்றே போட்டோ எடுத்து வையுங்கள். அந்த மெல்லிய தாளில் மை அவ்வளவு காலம் நிற்காது.