வாசகர் கேள்விகள்: எவரையும் கேட்காத விஞ்ஞானி

கேள்வி: மேரி ஷெல்லியின் ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ நாவலைப் புதுமைப்பித்தனின் தமிழாக்கமான ‘பிரேத மனிதன்’ வழியாக எங்கள் வாசகர் வட்டத்தில் படித்தோம். அறிவியலைக் கொண்டு இயற்கையை அடக்க நினைத்தால் அழிவுதான் என்பதே அதன் கருத்து எனப் பலரும் முடிவு கட்டினார்கள். தாமிரபரணியின் கன்னடியன் கால்வாய்த் தண்ணீரில் விளைந்த நெல்லை உண்ணும் நாம் அப்படிச் சொல்லலாமா?
– வாசகி ஒருவர், சேரன்மகாதேவி

பதில்: சொல்ல முடியாது என்றே நானும் கருதுகிறேன். நாவலின் நாயகனான விஞ்ஞானி விக்டர் ஃபிராங்கன்ஸ்டைன் உயிரின் இரகசியத்தை அறிந்ததைவிட, அதை எவரிடமும் சொல்லாமல் வைத்துக்கொண்டதைத்தான் நாவல் கடுமையாகக் காட்டுகிறது. இங்கோல்ஸ்டாட் நகரில், வீட்டின் உச்சியில் ஒதுங்கிய ஓர் அறையில் அவன் வேலை செய்கிறான். ஆசிரியர்களைக் கலந்துகொள்வதில்லை, வீட்டுக்குக் கடிதம் எழுதுவதில்லை. பிணங்களின் உறுப்புகளைக் கொண்டு தான் படைத்த உருவம் கண் திறந்ததும் அஞ்சி ஓடுகிறான். அந்த உருவம் செய்த கொலைக்காக ஜஸ்டின் என்ற குற்றமற்ற பெண் தூக்கிலிடப்படும்போதும், தான் அறிந்ததை அவன் வெளியிடுவதில்லை.

பலரும் விரைந்து கடந்துவிடும் பாத்திரம் ஒன்று உண்டு. விக்டரின் கதையைக் கேட்டு எழுதிவைக்கும் வால்டன், வடதுருவத்தை எட்டும் வேட்கையோடு கப்பலில் புறப்பட்டவன். இயற்கையை வெல்லும் ஆசையில் விக்டருக்குச் சற்றும் குறைந்தவன் அல்லன். கப்பல் பனிப்பாறைகளுக்கு நடுவே சிக்கிக்கொள்ள, வழி திறந்தால் தெற்கே திரும்பிவிட வேண்டும் என்று மாலுமிகள் அவனிடம் வந்து கேட்கிறார்கள். சாகும் தறுவாயில் இருக்கும் விக்டரோ அவர்களைக் கோழைகள் என்று இடித்துரைத்து, முன்னேறிச் செல்லத் தூண்டுகிறான். வால்டன் மனம் கசந்தே திரும்பச் சம்மதிக்கிறான்; ஆயினும் சம்மதிக்கிறான். தன் ஆசைக்கு விலையாகப் போகும் உயிர்கள் யாருடையவையோ அவர்களின் சொல்லுக்கு அவன் செவிசாய்த்த அந்த இடமே நாவலின் நெஞ்சு என்பேன். விக்டரின் கடைசிப் பேச்சு கூட, தான் தோற்ற இடத்தில் வேறொருவர் வெல்லக்கூடும் என்றுதான் முடிகிறது. அறிவைத் தேடுவதையே மேரி ஷெல்லி பழித்திருந்தால் அந்த வரியை அவன் வாயில் வைத்திருக்க மாட்டார்.

ஆங்கில எழுத்தாளர் எச்.ஜி. வெல்ஸின் நாவல்களிலும் இதே தனிமையைக் காணலாம். 1896இல் வந்த நாவலின் மோரோ, விலங்குகளை மனிதராக்கத் தீவு ஒன்றில் ஒதுங்குகிறான்; மறு ஆண்டில் வந்த நாவலின் கிரிஃபின், உருவை மறைக்கும் தன் ஆய்வைப் பேராசிரியரிடமிருந்தே மறைக்கிறான்.

தாமிரபரணி அணைக்கட்டுகளும் இயற்கையை அடக்கிய வேலைதான். ஆனால் கார், பிசானம் என்னும் நெல் பருவங்களுக்குத் தண்ணீர் எப்போது, எவ்வளவு திறப்பது என்பதில் கடைமடை விவசாயி ஆட்சியரிடம் மனுக் கொடுக்கிறார், மறியலும் செய்கிறார். அந்தச் சச்சரவைத் தொல்லை என்று சலித்துக்கொள்வோர், விக்டரின் அறையில் அப்படி ஒரு குரலும் எழவில்லை என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

கேள்வி: மழைதான் ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ நாவல் பிறக்கக் காரணம் என்பது உண்மையா?
– வாசகர் ஒருவர், அம்பாசமுத்திரம்

பதில்: பெரிதும் உண்மை. 1815 ஏப்ரலில் இந்தோனேசியாவின் தம்போரா எரிமலை வெடித்துக் கக்கிய துகள்கள் வெயிலை மறைத்ததால், 1816இல் ஐரோப்பாவில் கோடை குளிர்ந்து, மழை விடாமல் பெய்தது. ஜெனீவா ஏரிக்கரையில் வீட்டுக்குள் அடைபட்ட நண்பர்களிடம், ஆளுக்கொரு பேய்க்கதை எழுதலாம் என்று கவிஞர் பைரன் சொல்ல, பதினெட்டு வயது மேரி தொடங்கியதே இக்கதை. 1818இல் லண்டனில் நூலாக வந்தபோது அதில் ஆசிரியர் பெயர் இல்லை.