பூமரும் தற்குறியும்: உங்கள் கேள்விகள், என் பதில்கள்

கல்லூரியில் இதழியல் நடத்துகிறேன். இணையத்தில் நடக்கும் அரசியல் சண்டைகளைப் படிப்பது என் வேலையில் ஒரு பங்கு. சில நாள் பொழுதுபோக்கும் அதுதான். இது பற்றிக் கேள்வி கேட்கலாம் என்று போன வாரம் சொல்லியிருந்தேன். வந்தவற்றில் சில இங்கே.

கேள்வி (திருச்சி): என் பையன் என்னை ‘பூமர்’ என்கிறான். நான் 1974இல் பிறந்தவன். அப்படியென்றால் என்ன?

கணக்குப்படி நீங்கள் பூமரே இல்லை சார். இரண்டாம் உலகப்போர் முடிந்ததும் அமெரிக்காவில் குழந்தைப் பிறப்பு எகிறியது. 1946 முதல் 1964 வரை பிறந்தவர்களுக்கு அங்கே வைத்த பெயர் அது. 2019 நவம்பரில் நியூசிலாந்து நாடாளுமன்றத்தில் காலநிலை மசோதா பற்றிப் பேசிக்கொண்டிருந்த 25 வயது உறுப்பினர் க்ளோயி ஸ்வார்பிரிக், குறுக்கே கத்திய ஒருவரிடம் ‘ஓகே பூமர்’ என்று சொல்லிவிட்டுப் பேச்சைத் தொடர்ந்தார். ஏற்கெனவே இணையத்தில் ஓடிக்கொண்டிருந்த சொல்தான், அதன்பின் உலகம் சுற்றியது. நம் ஊருக்கு வந்து சேர்ந்தபோது பிறந்த வருஷம் கழன்றுபோய் ‘பூமர் அங்கிள்’ ஆகிவிட்டது. இப்போது 32 வயதுக்காரர் அறிவுரை சொன்னாலும் பூமர்தான்.

கேள்வி (கோவை, வயது 22): விஜய் கட்சி பிடிக்கும் என்று குடும்ப வாட்ஸ்அப் குழுவில் எழுதினேன். பெரியப்பா எல்லார் முன்னாலும் ‘தற்குறி’ என்றுவிட்டார். நான் பொறியியல் முடித்தவன்!

கையெழுத்துப் போடத் தெரியாமல் கீறலோ கைநாட்டோ வைப்பவரைத்தான் ஒரு காலத்தில் தற்குறி என்றார்கள். பட்டம் வாங்கியவரைப் பார்த்து அதைச் சொல்கிறார் என்றால் படிப்பைப் பற்றிச் சொல்லவில்லை. ‘உனக்கு அரசியல் பேசத் தகுதி இல்லை’ என்கிறார்.

இந்த வசவுக்குத் தமிழ்நாட்டில் வயது அதிகம். 1965 இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் இறங்கிய மாணவர்களைப் பார்த்து, படிக்கிற பசங்களுக்கு எதற்கு அரசியல் என்று கேட்ட பெரியவர்கள் ஏராளம். 1967இல் அந்தப் போராட்டத்தில் நின்ற பெ. சீனிவாசன் விருதுநகரில் காமராஜரையே 1,285 வாக்குகளில் தோற்கடித்தார். அப்புறம் 1972இல் எம்.ஜி.ஆர். தனிக்கட்சி தொடங்கினார். சினிமா பார்த்து விசிலடிக்கிற கூட்டத்துக்கு ஆட்சி பற்றி என்ன தெரியும் என்று சிரித்தவர்களில், சில வருஷங்களுக்கு முன் அதே மாதிரிப் பேச்சைக் கேட்ட மாணவர்களும் இருந்தார்கள். 1977இல் எம்.ஜி.ஆர். முதல்வர். இதைச் சொல்வதால் உங்கள் கட்சியும் ஜெயிக்கும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். கேலி செய்யப்பட்டு, வந்த சுவடு தெரியாமல் போன கட்சிகளும் உண்டு. வயதை வைத்து எதையும் கணிக்க முடியாது, அவ்வளவுதான்.

சரி, ஒன்று கேட்கிறேன் தம்பி (வயதுச் சொல்லாகத்தான் சொல்கிறேன், நாம் தமிழர் கட்சித் தொண்டரைக் குறிக்கும் சொல்லாக அல்ல). பதிலுக்கு நீங்கள் பெரியப்பாவை ‘இருநூறு ரூபாய் உ.பி.’, அதாவது காசு வாங்கிக்கொண்டு பதிவு போடும் தி.மு.க. உடன்பிறப்பு, என்று எழுதவில்லையே? அவர் உங்களுக்கு அறிவில்லை என்றார் என்றால், நீங்கள் அவருக்கு நேர்மை இல்லை என்கிறீர்கள். இரண்டில் எதற்கும் பதில் சொல்லவே முடியாது.

கேள்வி (சென்னை): பெரிசுகள்தான் பொய்ச்செய்தி பரப்புகிறார்கள் என்று ஆய்வே இருக்கிறதாமே?

இருக்கிறது. 2016 அமெரிக்கத் தேர்தல் நேரத்து ஃபேஸ்புக் பகிர்வுகளை ஆராய்ந்து 2019இல் வெளியிட்டார்கள். 65 வயதைத் தாண்டியவர்கள், இளையோரைப் போல ஏறக்குறைய ஏழு மடங்கு பொய்ச்செய்திகளைப் பகிர்ந்திருந்தார்கள். ஆனால் அதே ஆய்வில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் ஒரு பொய்ச்செய்தியைக்கூடப் பகிரவில்லை. இந்த இரண்டாவது பாதியை யாரும் ஃபார்வர்ட் செய்வதில்லை.

கேள்வி (மதுரை): ஃபோனைப் பிடுங்கிவிட்டால் எல்லாம் சரியாகிவிடாதா?

பாதி சரியாகலாம். எந்தப் பதிவை முன்னால் காட்டுவது என்று முடிவு செய்ய, 2017 முதல் சில காலம் ஃபேஸ்புக் ஒரு லைக்குக்கு ஒரு மதிப்பெண் என்றால், கோப முகம் உள்ளிட்ட மற்றக் குறிகளுக்கு ஐந்து கொடுத்தது. உங்களைக் கடுப்பேற்றும் பதிவுதான் பலர் கண்ணில் பட்டது. 2020இல் கோப முகத்துக்குப் பூஜ்யம் ஆக்கினார்கள்.

ஆனால் இதையும் பாருங்கள்: அமெரிக்காவில் 1996 முதல் எதிர்க்கட்சிக்காரர் மேல் வெறுப்பு போன்ற அரசியல் பிளவு எப்படி வளர்ந்தது என்று வயதுவாரியாகப் பார்த்தார்கள். இணையத்தை மிகக் குறைவாகப் பயன்படுத்தும் 75 வயது தாண்டியவர்களிடம்தான் அது இளையோரைவிட அதிகமாக வளர்ந்திருந்தது. ஃபோனைப் பிடுங்குகிறவர்கள் இரவு ஒன்பது மணி டிவி விவாதத்தையும் கொஞ்சம் நிறுத்தலாம்.

கேள்வி (சேலம்): எதிர்க்கட்சிக்காரர் பக்கங்களையும் ஃபாலோ செய்தால் மனசு விரியுமா?

நானும் அப்படித்தான் மாணவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். 2018இல் வந்த ஓர் ஆய்வு வாயை அடைத்தது. அமெரிக்காவில் இரு பெரிய கட்சிக்காரர்களையும் ஒரு மாதம் எதிர்த்தரப்பு ட்வீட்களைப் பார்க்க வைத்தார்கள். ரிபப்ளிகன் கட்சிக்காரர்கள் தங்கள் பக்கமே இன்னும் இறுகிப் போனார்கள். யோசித்துப் பார்த்தால் இதில் ஆச்சரியம் இல்லை. அடுத்த கட்சியில் நிதானமாகப் பேசுகிறவர் உங்கள் கண்ணில் படுவதே இல்லை. படுவது அங்கே அதிகம் கத்துகிறவர்.

கேள்வி (பெயர், ஊர் வேண்டாம்): நீங்கள் எந்தக் கட்சி?

சொன்னால் மேலே உள்ள பதில்களை எல்லாம் முதலிலிருந்து வேறு கண்ணோடு படிப்பீர்கள். வேண்டாம்.

கேள்வி (தஞ்சாவூர், வயது 61): குழுவில் அரசியல் பேசியதில் மகள் வெளியேறிவிட்டாள். ஆறு மாதமாகப் பேச்சில்லை. நான் சொன்னதில் தப்பே இல்லை.

இல்லாமலே இருக்கட்டும் அம்மா. இருபது சொந்தக்காரர்கள் வேடிக்கை பார்க்கும் இடத்தில் உங்கள் மகள் எப்படி இறங்கி வருவாள்? நீங்களும் வரமாட்டீர்கள். எனக்கும் சித்தப்பாவுக்கும் இதேபோல் ஒரு வருஷம் ஓடியது. ஊர்க் கோயில் திருவிழாவுக்கு வசூல் கேட்டு அவர்தான் ஃபோன் பண்ணினார். அரசியல் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ‘உன் பேரில் எவ்வளவு எழுதட்டும்’ என்றார், ‘ஐந்நூறு’ என்றேன், ‘ஆயிரம் போட்டுவிட்டேன்’ என்று வைத்துவிட்டார். உங்களுக்கும் திருவிழாவோ ஊறுகாயோ ஏதாவது இருக்கும். குழுவில் எழுதாதீர்கள், ஃபோன் பண்ணுங்கள்.